மேற்குக் காட்டு வேலி

கண்ணு,

போனில் பேசினால் பாதியிலேயே "மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இப்படி நீளமாக எழுதுகிறேன். நம் மேற்குக் காட்டு நிலத்தைச் சுற்றியிருக்கும் கிளுவை மர உயிர்வேலியை ஜேசிபி விட்டு வழித்துவிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினால் முப்பது சென்ட்டாவது கூடுதலாகக் கிடைக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் நான் இன்னும் வண்டிக்குச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி மோட்டார் போடப் போனேன். டார்ச் அடித்தால் வேலியோடு நிற்கும் வெள்வேல மரத்தில் இரண்டு கண், அணையப்போகிற கங்கு மாதிரி. தேவாங்கு. கால் கிலோ இருந்தாலே அதிகம். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அவசரமே இல்லாமல் நீட்டி, வெடுக்கென்று ஒரு பூச்சியைப் பிடித்து வாயில் போட்டது, நானும் மோட்டாரை மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்குக் குரங்கு மாதிரித் தாவத் தெரியாது, கிளைக்குக் கிளை கைமாற்றித்தான் போகும். நடுவில் பத்தடி வெட்டவெளி வந்தால் தரையில் இறங்கி நடக்க வேண்டும், தரையில் நாய் இருக்கிறது, ரோட்டுக்கு வந்தால் வண்டி. நமக்கு வேலி, அதற்கு அதுதான் பாதை.

கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 11,806 ஹெக்டேரை 2022-இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்களே, நாட்டிலேயே முதலாவது, உனக்குக்கூடச் செய்தி அனுப்பியிருந்தேன். நல்ல காரியம். ஆனால் அது காப்புக்காடு. சர்வே கல்லைப் பார்த்துத் திரும்பிப் போக தேவாங்குக்குத் தெரியுமா? மலையை விட்டு இறங்கினால் எல்லாம் நம் மாதிரி ஆட்களின் பட்டா நிலம்தான்.

பக்கத்துக் காட்டு மாமாவிடம் சொன்னேன். "வாயைத் திறக்காதே மாப்ளே, பாரஸ்ட்டுக்குத் தெரிந்தால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வான்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பயம்தான், அதனாலேயே சத்தமில்லாமல் வெட்டிவிடுகிறார்கள். தேவாங்கைக் கொன்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஜெயில், அது சட்டத்தில் இருக்கிறது. வெட்டாமல் வேலியைக் காப்பாற்றி வைத்திருப்பவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. எனக்கு இது பெரிய கோளாறாகத்தான் படுகிறது.

அவரிடம் சட்டமெல்லாம் பேசவில்லை. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, (வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது) ராத்திரி கூட்டிக்கொண்டு போனேன். ரொம்ப நேரம் பார்த்தார். சின்ன வயதில் இதைப் பிடித்து மாந்திரீகம் பண்ணுகிறவனுக்கு விற்றவர்களை நேரில் பார்த்திருக்கிறாராம், அதைச் சொல்லிவிட்டு அப்புறம் பேசவே இல்லை. நாலு நாள் கழித்து, மழை ஈரத்தில் ஒரு கட்டு கிளுவைப் போத்தோடு வந்து, அவர் பக்கம் விழுந்திருந்த இடைவெளியில் தானே நட்டார். "ஆட்டுக்குத் தழையாச்சு" என்று ஒரு சாக்கு வேறு.

மாப்பிள்ளையிடம் நீயே சொல்லு, நான் சொன்னால் மறுத்துப் பேசுவது போல் ஆகிவிடும். பாதுகாப்புதான் கவலை என்றால் வேலிக்கு உள்பக்கமாக ஒரு வரிசை கம்பி இழுத்துக்கொள்ளலாம், கிளுவை அப்படியே நிற்கட்டும். பூச்சி மருந்தையும் வேலியோரம் அடிக்க வேண்டாம் என்று ஆளிடம் சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு வரும்போது சிவப்புக் கண்ணாடித்தாள் நாலு வாங்கி வா. இங்கே கடையில் மஞ்சள்தான் இருக்கிறது.

அப்பா