பொறுப்பைக் கைமாற்றுவோர் பணத்தையும் சேர்த்தே தர வேண்டும்

பெருநிறுவனங்களின் இயக்குநர்களுக்கும், அவை நிறுவும் இழப்பீட்டு அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கும்,

வணக்கம். தங்கள் தொழிலால் நோயுற்றோருக்கு இழப்பீடு தருவதற்கெனச் சில நிறுவனங்கள் தனி அறக்கட்டளை அமைக்கின்றன. அறக்கட்டளை என்றாலே நம்பிவிடும் மக்களுக்கு, அதனிடம் போதிய பணம் இருக்கிறதா என்று அறியும் வழி பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அதன் தூசியைச் சுவாசித்தவருக்குப் புற்றுநோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதால், இன்று கணக்கிடும் இழப்பீடு நாளைய நோயாளிகளுக்குப் போதாமல் போவது எளிது. கல்நார்ப் பொருள்களைத் தயாரித்த அமெரிக்காவின் ஜான்ஸ்-மேன்வில் நிறுவனம் 1982இல் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. அதன் விளைவாக 1988இல் செயல்படத் தொடங்கிய அறக்கட்டளையின் பணம் சில ஆண்டுகளிலேயே வறண்டது. 1995இல் கோரிக்கையின் மதிப்பில் 10 விழுக்காடும், 2001இல் 5 விழுக்காடும் மட்டுமே தர முடிந்தது. நோய் தாமதமாக வெளிப்பட்டவர் செய்த குற்றம்தான் என்ன?

அதைவிட வருத்தம் தருவது ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹார்டி நிறுவனம் நடந்துகொண்ட முறை. 2001இல் அது தன் கல்நார்த் துணை நிறுவனங்களைப் பிரித்து ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. நியாயமான கோரிக்கைகள் அனைத்துக்கும் முழு நிதி உண்டு என்று பங்குச் சந்தைக்கு அறிவித்த அதே ஆண்டில், குழுமத்தின் தலைமை நெதர்லாந்துக்கு மாற்றப்பட்டது. நிதி பெருமளவில் குறைவு என்பதை 2004இல் அரசு விசாரணை வெளிப்படுத்தியது. அந்த அறிவிப்புக்கு ஒப்புதல் அளித்ததால் இயக்குநர்கள் தம் கடமையில் தவறினர் என்று 2012இல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்களும் அதற்குத் தப்பவில்லை.

நிறுவனம் வேறு, பங்குதாரர் வேறு என்பதை 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சாலமன் வழக்கு உறுதிப்படுத்தியது. அக்கோட்பாட்டை நான் மறுக்கவில்லை. தொழில் வளர அது தேவை. ஆனால் கடன் கொடுப்பவர் நிறுவனத்தின் நிலையை விசாரித்தபின் கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். தூசியைச் சுவாசித்த தொழிலாளிக்கும், அவர் உடையைத் துவைத்த மனைவிக்கும் அத்தகைய வாய்ப்பை யாரும் தரவில்லை. இவ்விருவகையினரையும் ஒரே தட்டில் வைத்து, பங்குதாரர் தாம் முதலிட்ட பணத்துக்கு மேல் எதற்கும் பொறுப்பில்லை எனும் ‘வரையறுக்கப்பட்ட பொறுப்பு’ என்னும் பாதுகாப்பை இருவருக்கும் எதிராக ஒன்றுபோல் பயன்படுத்துவது அநீதி.

ஜேம்ஸ் ஹார்டி பின்னர் கடும் பொது எதிர்ப்புக்குப் பணிந்து, தன் ஆண்டுப் பண வரவில் 35 விழுக்காடு வரை புதிய இழப்பீட்டு நிதிக்குத் தர உடன்பட்டது. இயக்குநர்களே, இத்தகைய தொடர் பொறுப்பை எதிர்ப்பு எழும்வரை காத்திராமல், பிரிவினை ஆவணத்திலேயே எழுதுங்கள். எதிர்காலக் கோரிக்கைகளின் மதிப்பீட்டை ஆண்டுதோறும் முழுமையாக வெளியிடுங்கள்.

அறங்காவலர்களே, பயனாளியின் நலனுக்கு முன் தன் நலனை நிறுத்தக் கூடாது என்று 1726இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் கீச் வழக்கில் விதித்த கடமை உங்களுடையது. உங்களை நியமித்த நிறுவனத்தின் நலனும் பயனாளியின் நலனுக்குப் பின்னரே வர வேண்டும். நிதி போதாது என்று தெரிந்தால் பொறுப்பை ஏற்க மறுத்துவிடுங்கள். அதற்கான காரணத்தையும் பொதுவில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
நோயுற்றோரின் உரிமையில் அக்கறை கொண்ட ஒரு குடிமகன்