நேயர்களிடம் கை நீட்டுவது பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது எங்கள் வானொலி நிலையத்தில் நேயர்களிடம் நிதி திரட்டும் வாரம் நடந்துகொண்டிருந்தது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறேன். டாக்டர் பேசக்கூடாது என்றுதான் சொன்னார், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. கொஞ்ச நாளைக்கு எடிட்டிங் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடு. நீ கேட்கமாட்டாய், சொல்லிவைக்க வேண்டியது என் கடமை. நான் மைக்கைவிட்டுக் கிட்டத்தட்ட இறங்கிவிட்டேன். இப்போது ரசீது, கணக்கு, நேயர் தொடர்பு என்று பின்னறை வாசம். முன்னறையில் இருந்த காலமெல்லாம் நிலையம் நம் குரலால் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அந்த நினைப்பு இந்த அறைக்கு வந்த முதல் மாதமே போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மானியம் நின்றுவிட்டது, ஒரு பெரிய மனிதர் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார், குழுவில் பாதிப்பேர் அதற்குத் தலையாட்டுகிறார்கள், நேயர்களிடம் கேட்போம் என்று நீ சொன்னதும் "பிச்சையா எடுக்கச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கை ஏந்துவது இழிவு என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதிலேயே நமக்கெல்லாம் மனப்பாடம் செய்துவைத்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு தொகுப்பாளர் இருக்கிறார். எப்பேர்ப்பட்ட அதிகாரியையும் மடக்கிக் கேள்வி கேட்பார். நிதி வாரத்தில் "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்ற ஒரு வரியைச் சொல்ல வந்ததும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று முறை பாட்டுக்குத் தாவினார்.

ஆனால் நேயர்களிடம் கேட்பது வேறு வழியில்லாமல் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. விளம்பரமே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் யோசித்து எடுத்த வழி அது. அமெரிக்காவில் லூயிஸ் ஹில் என்பவர் 1946இல் பசிபிகா அறக்கட்டளையைத் தொடங்கினார். போர் வேண்டாம் என்று உலகப்போர்க் காலத்திலேயே படையில் சேர மறுத்தவர். அந்த அறக்கட்டளையின் கே.பி.எஃப்.ஏ. வானொலி 1949 ஏப்ரல் 15 அன்று பெர்க்லியில் ஒலிபரப்பைத் தொடங்கியது. அறிவிப்பாளர் தான் நம்பாத ஒன்றை யாருக்காகவோ மைக்கில் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது என்பது ஹில்லின் கவலை. கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு 2 பேர் சந்தா கட்டினால் போதும், நிலையம் தன் காலில் நிற்கும் என்று கணக்குப் போட்டார். ஆண்டுக்கு 10 டாலர் சந்தா. எஃப்.எம். கருவியே பெரும்பாலான வீடுகளில் இல்லாத காலத்தில் இந்தத் துணிச்சல்! 1950இல் பணம் தீர்ந்து ஒலிபரப்பு நின்றது. நேயர்கள் கூடிப் பணம் திரட்டினார்கள். 1951இல் நிலையம் திரும்பி வந்தது. இன்றும் ஒலிக்கிறது.

அந்த நூற்றுக்கு 2 என்ற கணக்கைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பது உண்டு. பத்திரிகைக்குக் காசு கொடுக்காதவனுக்குப் பத்திரிகை கிடையாது. கேபிளுக்குக் கட்டாதவனுக்கு இணைப்பைத் துண்டிக்கலாம். காற்றில் வருகிற ஒலியை யாருக்கும் அப்படித் துண்டிக்க முடியாது. ஆக, 98 பேர் இலவசமாகத்தான் கேட்பார்கள். உன் பொருளாளருக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும். எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. படுக்கையில் கிடப்பவர், சிறைக்குள் இருப்பவர், பள்ளிப் பிள்ளை, வேலை போனவர் எல்லாரும் அந்த 98இல்தான் இருக்கிறார்கள். கொடுக்கிற 2 பேரும் தங்களுக்காக மட்டும் கொடுப்பதில்லை, இவர்களுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். போன வாரம் ஓர் இரவுக் காவலாளி போன் செய்தார். சிறு தொகைதான். "பேரை மட்டும் வானொலியில் வாசிச்சிடாதீங்கம்மா, எங்க முதலாளியும் கேட்பார். ராத்திரி தூங்காம வேலை பாக்கிறேனா ரேடியோ கேக்கிறேனான்னு கேட்டுடுவார்" என்றார். ரசீதைக்கூட வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்னார்.

உங்கள் குழுவில் எழுந்து போனவரிடம் பொலிவியா கதையைச் சொல். 1940களின் கடைசியிலிருந்து அங்கே ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பகுதியைப் போட்டுச் சங்க வானொலிகளை நடத்தினார்கள். சங்கச் செய்தி, காதல் பாட்டு, ஊர்த் தகராறு எல்லாம் அதில் வரும். 1980இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இந்தச் சின்ன வானொலிகள் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்து செய்தியைச் சொல்லிக்கொண்டே இருந்தன, ராணுவம் ஒவ்வொன்றாகப் பிடிக்கும்வரை. அந்த ஆட்களிடம் போய்ப் பிச்சை என்று யாராவது சொல்லியிருக்க முடியுமா?

பெரிய மனிதர் விஷயத்தில் என் கருத்து இது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் மொத்தச் செலவும் ஒருவருடையது என்றால், அவர் வாயே திறக்காவிட்டாலும் நாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நிகழ்ச்சி செய்வோம். அவருடைய தொழிற்சாலைக் கழிவைப் பற்றி ஒரு நேயர் போனில் பேசினால், தொகுப்பாளரின் கை தானாகவே ஒலியைக் குறைக்கும். அவரிடம் வாங்கவே வேண்டாம் என்பதில்லை. டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா, ஜெனரேட்டர் மாதிரி ஒரு தடவைச் செலவுக்கு வாங்கு. மாதச் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் வாங்காதே. எந்தத் தனி ஆளிடமும் ஆண்டுச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவதில்லை என்று இப்போதே எழுதித் தீர்மானம் போடுங்கள். பணம் மேசைக்கு வந்த பிறகு அப்படித் தீர்மானம் போட யாருக்கும் மனசு வராது.

அரசுப் பணமும் நிலையில்லாததுதான், உனக்கே பட்டுத் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகிப் பொது வானொலிகளுக்கு நிதி வழங்கிவந்த அமைப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அமைப்பை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். பெருநகர நிலையங்களுக்கு நேயர் பணம் இருந்தது. வருமானத்தில் பெரும்பகுதிக்கு அந்த அரசுப் பணத்தையே நம்பியிருந்த நாட்டுப்புறச் சிறு நிலையங்கள்தான் திகைத்து நின்றன.

எப்படிக் கேட்பது என்று கேட்டிருந்தாயே. முதலில் செலவைச் சொல்லுங்கள். ஒரு மாலை நேரத்தில் நாங்கள் எங்கள் செலவுப் பட்டியலை வரி வரியாக வானொலியிலேயே வாசித்தோம். மின்சாரம், கோபுர வாடகை, உரிமக் கட்டணம், பாட்டுக்கான உரிமைத் தொகை, கழிவறை சுத்தம் செய்யும் அம்மாவின் சம்பளம் உள்பட. வழக்கமான உருக்கமான வேண்டுகோளுக்கு வராத அழைப்புகள் அதற்கு வந்தன. "கோபுரம் உங்களுது இல்லையா? அதுக்கு வாடகையா?" என்று ஒருவர் வாதாடிவிட்டுக் கடைசியில் பணமும் அனுப்பினார். இணையத்தில் கேட்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஃப்.எம்.மில் ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் மின்கட்டணம் ஒன்றுதான். இணையத்தில் அப்படி இல்லை, கூட்டம் கூடக்கூட நமக்குச் செலவு ஏறும். வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களில் பலருக்கு இது தெரியாது. சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

போன் எண்ணை மெதுவாக இரண்டு முறை சொல்லச் சொல். சொன்னதும் வாயை மூடச் சொல். மௌனத்துக்குப் பயந்து நம் ஆட்கள் பேசிக்கொண்டே போகிறார்கள், எதிர்முனையில் எண்ணைக் குறித்துக்கொள்ள முடிவதில்லை. போனை எடுக்கிற தன்னார்வலர் தொகையைக் கேட்பதற்கு முன் "எந்த நிகழ்ச்சி கேட்பீர்கள்?" என்று கேட்கட்டும். தருகிறேன் என்று சொன்ன பணமெல்லாம் வந்து சேராது என்பதையும் இப்போதே குழுவுக்குச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் நிதி வாரம் முடிந்த இரவில் பலகையில் எழுதிய தொகையைப் பார்த்துப் ஸ்டுடியோவுக்குப் புது ஒலி மிக்சர் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு தடவை பெரிதாகத் தருபவரைவிட மாதாமாதம் சிறிதாகத் தருபவர் முக்கியம். அதிலும் சத்தமில்லாத ஓட்டை ஒன்று இருக்கிறது. அவருடைய வங்கி கார்டு காலாவதியாகும், பணம் வருவது நிற்கும், அவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார், நாம் அவருக்குக் கசந்துபோய்விட்டது என்று நினைப்போம். மாதம் ஒரு முறை இப்படி நின்றுபோனவர்களின் பட்டியலை எடுத்துவைத்துப் போன் செய்ய ஓர் ஆளைப் போடு. என் பின்னறை வேலையில் பாதி இதுதான்.

பை, கோப்பை, சட்டை என்று அன்பளிப்பு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. வாங்கவும் செலவு, அனுப்பவும் செலவு, ஆறு மாதம் அறையை அடைத்துக்கொண்டு கிடக்கும். நிதி வாரத்தில் அதிசய மருந்து பற்றிப் பேசும் குறுந்தகடுகளைப் பரிசாகக் கொடுத்துப் பேரைக் கெடுத்துக்கொண்ட நிலையங்களும் உண்டு. "நீங்கள் தருகிற ஒவ்வொன்றுக்கும் இணையாக இன்னொருவர் தருகிறார்" என்ற அறிவிப்பு உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். எப்படியும் தருவதாக இருந்தவரின் பணத்தைக் காட்டி அப்படிச் சொல்வது பொய். நேயர்களுக்கு அது ஒருநாள் தெரிந்துவிடும்.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயம். எங்கள் நிதி வாரத்தின் மூன்றாம் நாள் யாரோ ஒரு பையன் ஆர்வக்கோளாறில் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தான். எந்த நிகழ்ச்சியின்போது எத்தனை அழைப்பு, எவ்வளவு தொகை என்று வண்ண வண்ணக் கட்டங்கள். பழைய பாட்டு நிகழ்ச்சி உச்சியில். கூலி வேலைக்கு வந்தவர்களுக்காக அவர்கள் மொழியிலேயே இரவில் செய்கிறோமே, அந்த நிகழ்ச்சி அடியில், கிட்டத்தட்டப் பூஜ்யம். அதைச் செய்கிற பெண் தேநீர்க் கோப்பையோடு அட்டவணை முன்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஸ்டுடியோவுக்குப் போனாள். நான் அதைக் கிழித்துப்போட்டேன். பையன் முகம் வாடிவிட்டது, அவனுக்கு உட்காரவைத்து விளக்கினேன். அந்த நிகழ்ச்சியைக் கேட்கிற பலருக்கு வங்கிக் கணக்கே கிடையாது. போனில் காசு இருந்தால் வீட்டுக்குப் பேசுவார்கள். அழைப்பை எண்ணி நிகழ்ச்சியின் தகுதியைத் தீர்மானித்தால், வாசலில் விரட்டிய விளம்பரதாரரைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டதாகத்தான் அர்த்தம். பாட்டு நிகழ்ச்சிக்கு வருகிற பணம் இரவு நிகழ்ச்சிக்கும் சேர்த்துத்தான் என்று பாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளரையே சொல்லவைத்தோம். சொன்னார், அழைப்பு ஒன்றும் குறையவில்லை.

நேயர் பணம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதே. அதே பசிபிகாவின் நியூயார்க் நிலையமான டபிள்யூ.பி.ஏ.ஐ.யில் 2019 அக்டோபரில் கடனைக் காரணம் காட்டித் தலைமையே உள்ளூர் நிகழ்ச்சிகளை நிறுத்தி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. வழக்கு நடந்து, அடுத்த மாதம்தான் நிகழ்ச்சிகள் திரும்பின. உள்சண்டை, தேர்தல், கடன் என்று அங்கே பல ஆண்டுப் புகைச்சல். நேயர் கொடுக்கிற பணத்துக்குக் கணக்கும் அவர்களுக்குப் புரிகிற மாதிரி காட்ட வேண்டும். சண்டையும் ஓரளவுக்குள் இருக்க வேண்டும், நம் குழுக்களுக்கு அதுதான் கஷ்டம்.

நாள் கணக்கை இழுக்காதே. மெல்போர்னில் 3சி.ஆர். என்ற சமூக வானொலி 1976 முதல் ஒலிக்கிறது. ஜூன் மாதம் வந்தால் நிதி திரட்டல் என்று நேயர்களுக்கே பழகிவிட்டது. அந்த மாதிரி ஒரு காலத்தை முடிவு செய்துகொள். பணம் தட்டுப்படும் போதெல்லாம் கேட்டால் நம் குரல் கேட்டதுமே அலைவரிசையை மாற்றிவிடுவார்கள்.

முதல் நாள் வாசிக்கப்போகிற அறிவிப்பை எழுதி எனக்கு அனுப்பு. சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கிறேன். "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்ற வரி எங்கே இருந்தாலும் அடித்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தேதி குறித்ததும் தெரிவி, தொண்டை சரியானால் வந்து இரண்டு நாள் உன் போன் மேசையில் உட்காருகிறேன். எழுந்து போனாரே, அவரையும் பக்கத்து நாற்காலியில் போடு.

அன்புடன்,
உன் பழைய தோழி