ஸ்பிரிங்புரூக்கில் விதை சேர்த்தவர்களுக்கு நன்றி

நேப்பர்வில் நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைக் காலைகளை ஸ்பிரிங்புரூக் பிரெய்ரி என்ற நம் ஊர்ப் புல்வெளிக்குக் கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். நடக்க, சைக்கிள் ஓட்ட, நாயைக் கூட்டிப்போக நாம் வருஷம் முழுக்கப் போய்வரும் இடம்தான். ஆனால் வாளியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கியது உங்களில் பலருக்கு இதுதான் முதல் தடவை.

அமெரிக்காவில் நம் இல்லினாய்க்குப் பிரெய்ரி மாநிலம், அதாவது புல்வெளி மாநிலம், என்றே பெயர். ஒரு காலத்தில் இங்கே 2.2 கோடி ஏக்கர் புல்வெளி இருந்தது. ஏர் படாமல் நல்ல நிலையில் மிஞ்சியது சுமார் 2,500 ஏக்கர். ஸ்பிரிங்புரூக்கின் 1,867 ஏக்கரிலும் பெரும்பகுதி உழுது பயிர் செய்த நிலம்தான். அதைத் திரும்பப் புல்வெளியாக்க விதை வேண்டும். ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு வாரம் முற்றும் என்பதால் பலவற்றைக் கையால்தான் சேர்க்க முடியும்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியது, மகள் வீட்டுக்கு வந்திருந்த அந்தத் தஞ்சாவூர் அம்மாவுக்கு. "சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமேன்னு வந்தேன்" என்றார்கள். பிக் புளூஸ்டெம் புல்லின் கருது வான்கோழிக் கால்போல மூன்றாகப் பிரிந்திருக்கும். நாங்கள் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்க, அவர் கருதின் அடியைப் பிடித்து மேல்நோக்கி ஒரே இழுப்பாக உருவினார். விதை முழுக்க உள்ளங்கையில். அதில் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் பாதி பதர்தான். அடுத்த வாரம் வரலாம்" என்று எங்களை வேறு பக்கம் அழைத்துப்போனார். கூட வந்த அமெரிக்கத் தன்னார்வலர் இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறவர். அவரும் ஒன்றை எடுத்துக் கீறிப் பார்த்தார், ஆமாம் என்று தலையாட்டினார். அப்புறம் இரண்டு பேரும் அந்தக் காலை முழுக்க ஒன்றாகவே நடந்தார்கள். பாதி பேச்சு சைகையில்தான்.

அம்மா, விதை நெல்லைப் பற்றி நீங்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி.

அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி. ஒரு செடியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, மீதி பறவைக்கும் மண்ணுக்கும் என்று ஒரு தடவைதான் சொன்னோம். பெரியவர்கள் மறந்தபோது ஞாபகப்படுத்தியது நீங்கள்தான். காம்பஸ் பிளான்ட் இலைகள் நிஜமாகவே வடக்கு தெற்காக நிற்கின்றனவா என்று போனில் திசைகாட்டியைத் திறந்து சரிபார்த்தீர்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

பக்தார்ன் புதரை வெட்டிய இளைஞர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவந்த செடி அது. பழத்தைத் தின்னும் பறவைகளால் எங்கும் பரவி, கீழே வேறெதையும் வளரவிடாது. வெட்டின கையோடு அடிக்கட்டையில் களைக்கொல்லி மருந்து தடவாவிட்டால் மறுபடி தழைத்துவிடும். முள்ளில் கை கிழிந்தும் ஒருவர்கூட பாதியில் போகவில்லை.

கருவி கொடுத்து வேலை கற்றுத்தந்த, ஸ்பிரிங்புரூக்கைப் பராமரிக்கும் டுபேஜ் கவுண்டி வனக் காப்பக ஊழியர்களுக்கும், 2024 நவம்பரில் இந்த நிலங்களுக்காகக் கூடுதல் வரி கட்டச் சம்மதித்து வாக்களித்தவர்களுக்கும் நன்றி. டீ, சுண்டல் கொண்டுவந்த வீடுகளுக்கும்தான்.

கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் நின்றவர்கள் பார்த்திருப்பீர்கள்: குட்டைக்காது ஆந்தை ஒன்று சத்தமே இல்லாமல் புல்லை உரசுவதுபோலத் தாழப் பறந்தது. குளிர்காலத்துக்கு இங்கே வரும் பறவை, திறந்த புல்வெளி இருந்தால்தான் இரை தேட இறங்கும்.

சேர்த்த விதையைப் பனியின் மேலேயே தூவுவார்கள். குளிரில் கிடந்தால்தான் பல விதைகள் வசந்தத்தில் முளைக்கும். தஞ்சாவூர் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். தூவும்போது வீடியோ காலில் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். யாராவது ஒருவர் போனில் சார்ஜ் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு விதை உருவிய ஒருவன்