வங்க ராக் 2006-இல் தொடங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வங்க ராக் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 2006-இல் வந்த ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தின் ‘பீகி பீகி’ பாட்டில் தொடங்கி, அதன் மூல மெட்டு கௌதம் சட்டோபாத்யாயின் ‘மொஹீனேர் கோராகுலி’ என்ற கல்கத்தா ராக் குழுவுடையது என்று சொன்னதோடு கட்டுரை முடிந்துவிட்டது. தகவல் சரிதான். ஆனால் அந்த மெட்டு, குழு கலைந்து பல வருடம் கழித்து, 1990-களில் வந்தது. அவர்களுடைய ஆரம்பகாலப் பாட்டு ஒன்றுகூட இடம்பெறாதது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

1977-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் உள்ள ‘ஹாய் பாலோபாஷி’ பற்றி மட்டுமாவது எழுதியிருக்கலாம். நிலா வெளிச்சத்தில் நாணல் காட்டில் ஓடப் பிடிக்கும், நிழல் கவிந்த மண்பாதையில் நடக்கப் பிடிக்கும், ஓவியர் பிக்காசோ, திரைப்பட இயக்குநர் புனுவல், கவிஞர் தாந்தே பிடிக்கும், பீட்டில்ஸும் டிலானும் பீத்தோவனும் பிடிக்கும், ரவிசங்கரையும் அலி அக்பரையும் கேட்டுவிட்டு விடியற்காலைப் பனிமூட்டத்தில் வீடு திரும்பப் பிடிக்கும் என்று பாட்டு அடுக்கிக்கொண்டே போகும். அப்புறம் வயலில் வியர்வை சிந்துகிறவர்கள் வருவார்கள். இத்தனை பிடித்தும் ஏனோ எதிலும் மனம் ஒட்டவில்லை என்று பாட்டு திரும்புகிற இடம்தான் அதன் உயிர்.

அந்தத் துயரம் ஒப்புக்குச் சேர்த்தது இல்லை. கௌதம் நக்சல் இயக்கத்தில் இருந்து சிறை சென்றவர். வெளியே வந்ததும் சொந்த மாநிலத்தை விட்டே போக வேண்டியிருந்தது. கல்கத்தா திரும்பிய பிறகுதான் நண்பர்களோடு குழுவைத் தொடங்கினார். ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து பெயர் எடுத்து, வங்க நாடோடிப் பாடகர்களான பாவுல்களின் பாட்டுச் சாயலோடு கிடார், சாக்ஸபோன், வயலின் எல்லாம் சேர்த்துப் பாடினார்கள். சினிமாப் பாட்டுக்குப் பழகிய ஊர் அப்போது அவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1981-இல் குழு கலைந்தது. 1995-இல் கௌதம் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் புதிய தொகுப்பு வெளியிட்ட பிறகுதான் பழைய பாட்டுகளுக்கும் மறுவாழ்வு கிடைத்தது.

இன்று ‘ஹாய் பாலோபாஷி’யைப் பாடாத வங்கக் கல்லூரி விழா குறைவு. மகிழ்ச்சிதான். ஆனால் யூடியூபில் நான் கேட்ட பல மேடைப் பதிவுகளில் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். பிக்காசோ, பீட்டில்ஸ் பெயர்களுக்குக் கூட்டம் ஆரவாரம் செய்கிறது, அந்த உற்சாகத்திலேயே துயர வரிகளும் அடித்துச் செல்லப்படுகின்றன. அந்த வரிகளைத் தாழ்ந்த குரலில், நிறுத்திப் பாட வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் விருப்பப் பட்டியலாகிவிடும்.

குழுவின் ஆரம்பகால உறுப்பினர் தாபஸ் தாஸ் 2023-இல் காலமானார். புற்றுநோயோடு, மூக்கில் குழாய் பொருத்திய நிலையிலும் அந்த ஆண்டு மேடையேறிப் பாடியவர் அவர். அவரைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

1977 முதல் 1979 வரை வந்த அந்த மூன்று இசைத்தட்டுகளைப் பற்றி மட்டும் இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோவை