காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை வாசித்துக் காட்டவும் தடையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்னூல்கள் பற்றி அவ்வப்போது கட்டுரைகள் வெளியிடுகிறீர்கள். இடம் அடைக்காது, எங்கே போனாலும் கூடவே வரும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றெல்லாம் எழுதுகிறார்கள், எல்லாம் சரி. ஆனால் பார்வை மங்கியவர்கள் பணம் கட்டி வாங்கிய மின்னூலைக் கருவி சத்தமாக வாசிக்க மறுக்கிறது என்பதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு விழித்திரைக் கோளாறு. நடமாட முடிகிறது, ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அதுதான் கலங்கித் தெரிகிறது, அதனால் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. ஃபோனில் இருக்கும் திரைவாசிப்பான்தான் இப்போது அவருக்குத் துணை. குறுஞ்செய்தி, வங்கித் தகவல், உறவினர் அனுப்பும் கடிதம் எல்லாவற்றையும் அது வாசித்துச் சொல்லிவிடுகிறது. மின்னூல் செயலிக்குள் போனாலும் பட்டியலை வாசிக்கிறது, தலைப்பை வாசிக்கிறது, விலையை வாசிக்கிறது, பணம் கட்டும் பக்கத்தை ஓர் எழுத்து விடாமல் வாசிக்கிறது. பணம் கட்டிய பிறகு புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தால், சில புத்தகங்களில், 'படம்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வரிகூட வராது.

வாடிக்கையாளர் சேவையைக் கேட்டால் முதலில் பேசுவது இயந்திரம். புத்தகம் திறக்கவில்லையா, செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்கிறது. புத்தகம் திறக்கிறது, வாசிக்கத்தான் மாட்டேன் என்கிறது என்று எப்படி எழுதினாலும் அதற்குப் புரிவதில்லை. ஒருவழியாக மனிதர் ஒருவர் கிடைத்தபோது, இது பதிப்பாளர் எடுத்த முடிவு, பதிப்புரிமை சம்பந்தப்பட்டது, நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். பதிப்பகத்தைக் கேட்டால், செயலி நடத்துபவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். சரி, பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்றால், புத்தகத்தைத் திறந்துவிட்டீர்கள், அதனால் முடியாது என்று பதில். திறந்து பார்க்காமல் வாசிக்குமா வாசிக்காதா என்று எப்படித் தெரியும்? விற்பனைப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இது இன்று நேற்று வந்த தகராறு இல்லை. 2009 பிப்ரவரியில் அமேசான் கிண்டில் என்ற தன் மின்னூல் வாசிப்புக் கருவியின் இரண்டாம் தலைமுறையை வெளியிட்டபோது, எந்தப் புத்தகத்தையும் கருவியே குரலில் வாசிக்கும் வசதி அதில் இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆத்தர்ஸ் கில்டு உடனே எதிர்த்தது. ஒலிநூல் உரிமை தனி, அதை வாங்காமல் அமேசான் இதைச் செய்யக்கூடாது என்பது அவர்கள் வாதம். அந்த மாதம் முடிவதற்குள் அமேசான் இறங்கிவந்தது, எந்தப் புத்தகத்தில் குரல் வேண்டும் எதில் வேண்டாம் என்பதை உரிமையாளர்களே முடிவு செய்யலாம் என்றது. அந்த ஏப்ரலில் பார்வையற்றோர் அமைப்புகள் நியூயார்க்கில் சங்கத்தின் அலுவலகத்துக்கு முன்னால் போராட்டம் நடத்தின. அன்று வாசகரைக் கேட்காமல் எடுத்த முடிவின் பலனை இன்றைக்கும் நாம் அனுபவிக்கிறோம்.

எழுத்தாளர்களின் வருமானத்தைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. நல்ல குரல் வளமுள்ள ஒருவர் உணர்ச்சியோடு வாசித்துப் பதிவு செய்யும் ஒலிநூல் தனிப் படைப்புதான், அதற்குத் தனியாகப் பணம் கேட்பது நியாயம். ஆனால் ஃபோனில் உள்ள இயந்திரக் குரல் அதற்குப் போட்டியே இல்லை. அதே புத்தகத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் எந்தப் பதிப்பாளரும் தவறென்று சொல்ல மாட்டார். எனக்கு நேரமில்லாத மத்தியான வேளையில் இயந்திரம் அதைச் செய்தால் மட்டும் யாருக்கு என்ன நஷ்டம்? அம்மா அந்தப் புத்தகத்துக்கு முழு விலை கொடுத்திருக்கிறார்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது, அதுதான் எனக்கு அதிக ஆத்திரத்தைத் தருகிறது. 2013 ஜூனில் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் கீழ் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பார்வையற்றவர்கள், பார்வை குறைந்தவர்கள், வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள், உடல் இயலாமையால் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பக்கம் திருப்ப முடியாதவர்கள் எல்லோருக்கும் அது பொருந்தும். அவர்களோ, அவர்களைக் கவனித்துக்கொள்பவரோ, சொந்த உபயோகத்துக்காக ஒரு நூலைப் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள நாடுகள் சட்டத்தில் இடம் தரலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. நகலெடுப்பதைத் தடுக்க மின்னூலில் போடும் டிஜிட்டல் பூட்டுகள் இவர்களுடைய உரிமைக்குக் குறுக்கே வராமல் நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா, 2014-இல். 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களும் அவற்றைப் படிக்கும் கருவிகளும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்ற விதியும் அமலாகியிருக்கிறது. இவ்வளவு இருந்தும், பூட்டு போடுகிறவர்களுக்கு ஒரு சொடுக்கில் வேலை முடிந்துவிடுகிறது, அதைத் திறக்கக் கேட்கிறவர்தான் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. திருட்டுப் பிரதி எடுப்பவர்களுக்கு இந்தப் பூட்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மாட்டிக்கொண்டு விழிப்பது பணம் கட்டியவர்தான்.

அப்புறம் தமிழுக்கென்றே ஒரு கொடுமை இருக்கிறது. பூட்டே இல்லாத பல பிடிஎஃப் கோப்புகளும் வாசிக்க முடியாதவையாக இருக்கின்றன. சில வெறும் பக்கப் படங்கள், அவற்றில் எழுத்து என்று எதுவுமே கிடையாது. மற்றவை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்தவை. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். ஒரு முழு நாவலை இப்படிக் கேட்டுப் பாருங்கள், ஒரு பத்தியைத் தாண்ட முடியாது. எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும், வேலை இருக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூலக்கோப்பு பதிப்பகத்தின் கையில்தான் இருக்கிறது. ஒருமுறை யூனிகோடு எழுத்தில், இபப் என்ற மின்னூல் வடிவத்தில் கோப்பாகச் செய்துவிட்டால் எல்லாக் கருவிகளிலும் திறக்கும், எழுத்து பெரிதாகும், குரலில் வாசிக்கும், தேடினால் கிடைக்கும். பார்வை உள்ள வாசகருக்கும் அதனால் நன்மைதானே.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. விற்கும் பக்கத்திலேயே, விலைக்குப் பக்கத்தில், இந்த நூலைத் திரைவாசிப்பான் வாசிக்குமா இல்லையா என்று போட்டுவிடுங்கள். வாசிக்காது என்று முன்கூட்டியே சொல்லாமல் விற்றால், திறந்தாலும் திறக்காவிட்டாலும் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பதிப்பகங்கள் குரல் வாசிப்பை முடக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், பழைய நூல்களைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இனி வரும் நூல்களையாவது யூனிகோடில் வெளியிடுங்கள்.

கடைசியாக உங்களிடமும் ஒரு கோரிக்கை. உங்கள் மின்னிதழுக்கு நாங்கள் சந்தா கட்டியிருக்கிறோம், அதிலும் பக்கங்கள் படங்களாகவே வருகின்றன. இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டாலும் அம்மாவால் அதைக் கேட்க முடியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு செய்தியையும் தொட்டால் அதன் எழுத்து வடிவம் திறக்கும்படி செய்துகொடுங்கள். எப்போது செய்வீர்கள் என்பதை இந்தக் கடிதத்துக்குக் கீழேயே ஆசிரியர் குறிப்பாகப் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்