தாஷ்கோவாவுக்கு ஒரே ஒரு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் பற்றிய கட்டுரை படித்தேன். காதலர்களுக்கும் நகைகளுக்கும் முக்கால் பக்கம். இளவரசி தாஷ்கோவாவுக்கு ‘ராணியின் தோழி’ என்று ஒரே வரி. தங்கசாலைப் பக்கம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு, அந்த அம்மாவை அப்படி விட்டுவிட மனசு வரவில்லை.

1762-ல் கேத்தரின் தன் கணவர் மூன்றாம் பீட்டரைக் கவிழ்த்தபோது, 19 வயது தாஷ்கோவா காவல்படைச் சீருடை போட்டு ராணியோடு குதிரையில் போனார். அவருடைய சொந்த அக்காவோ அந்த பீட்டரின் ஆசைநாயகி! சரி, இது அரண்மனைக் கதை. எனக்குப் பிடித்தது 1783-க்கு அப்புறம் நடந்தது.

அந்த ஆண்டு பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்கு அவரை இயக்குநராக்கினார் கேத்தரின். பொறுப்பேற்கப் போகும்போது, பார்வை போயிருந்த கணித மேதை ஆய்லரை வீட்டுக்கே போய் அழைத்துக்கொண்டார். கூட்டத்தில் முதல் இருக்கையில் வேறொரு பேராசிரியர் உட்காரப் பார்க்க, நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் அதுதான் முதல் இடம் என்று ஆய்லரிடம் சொன்னாராம். தாஷ்கோவாவே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். கழகமோ கடனில் கிடந்தது. தேங்கிய புத்தகங்களை விலை குறைத்து விற்றுக் கடனை அடைத்தார். கிடங்கில் கட்டுக்கட்டாகச் செல்லரிப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அதே ஆண்டு அவர் தலைமையிலேயே ரஷ்ய மொழிக்கென்று தனிக் கழகம். அது 1789 முதல் 1794 வரை ஆறு பாகங்களில் அகராதி கொண்டுவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும், அனுபந்தம் நீங்கலாக, ஆறு பாகம்தான். அதற்கெல்லாம் எத்தனை புரூஃப் ஓடியிருக்கும் என்று என்னைக் கேளுங்கள்!

உத்தமி என்று சொல்லவில்லை. பண்ணையடிமை முறைக்கு பிரெஞ்சுச் சிந்தனையாளர் தீதரோவிடமே வக்காலத்து வாங்கியவர். பக்கத்துத் தோட்டத்து நரிஷ்கினின் பன்றிகள் பூச்செடிகளை நாசம் செய்தன என்று அவற்றைக் கொல்லச் சொல்லி, வழக்காகி நஷ்டஈடு கட்டினார். எங்கள் வண்ணாரப்பேட்டைச் சந்துச் சண்டைகள் தோற்றுவிடும்.

1796-ல் பீட்டரின் மகன் பால் பட்டத்துக்கு வந்ததும் பழைய கணக்கைத் தீர்த்தார்: நோவ்கரத் மாகாணத்துக் கிராமத்தில் குடியானவர் வீட்டில் இருந்துகொண்டு 1762-ல் செய்ததை நினைத்துப் பார் என்று உத்தரவு. தாஷ்கோவா 1810-ல் மாஸ்கோவில் இறந்தார்.

அடுத்த இணைப்பில் இவருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். படத்துக்கு மறுபடி நகைப்பெட்டி வேண்டாம், அந்த அகராதியின் முகப்புப் பக்கத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21