திரும்பி வரும் காசு

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டை அம்மாவும் நானும் மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம். 90 நாள், ஐந்து நாடு, 3 லட்சம் ரூபாய். இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போகிறாளே என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. 31 வருஷம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து ஊரெல்லாம் போக டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். என் பிள்ளை ஒருத்தி போகட்டும் என்றுதான் மனசு சொல்கிறது.

ஆனால் உன் கணக்கில் ஒரு வரியைக் காணோம்மா. 3 லட்சத்தை அப்படியே 90-ஆல் வகுத்து, நாளைக்கு 3,333 ரூபாய் என்று போட்டிருக்கிறாய். விமானம், விசா, இன்சூரன்ஸ், நாடு விட்டு நாடு போகிற செலவு எல்லாவற்றுக்கும் 70,000 தள்ளு. அதற்கு மேல் 50,000-ஐ எடுத்து, ஏடிஎம் கார்டு இல்லாத வேறு கணக்கில் போட்டுவிடு. மிச்சம் 1,80,000. நாளைக்கு 2,000 ரூபாய்தான் உன் கைக்காசு. லாவோஸிலும் வியட்நாமிலும் டார்மெட்ரி படுக்கையும் தெருவோரச் சாப்பாடுமாக இதற்குள் அடங்கும். சில நாள் மிஞ்சவும் செய்யும். மிஞ்சுவதைக் கம்போடியாவின் அங்கோர் வாட்டுக்குச் சேர்த்து வை. அங்கே ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூன்று நாள் பாஸ் 62 டாலர். காசைப் பார்த்து ஒரு நாளோடு முடித்துவிடாதே. மூன்று நாள் பாஸை பத்து நாளுக்குள் விட்டுவிட்டும் பயன்படுத்தலாம், நடுவில் ஓய்வெடுத்துக்கொள்.

அந்த 50,000 எதற்கு என்று கேட்பாய். முடிச்சை அவிழ்த்து, போகிற டிக்கெட்டுக்கு மட்டும் சில்லறை எண்ணிக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரக் காசு இருக்கா ஐயா என்று கேட்க வாய் வரும். பின்னால் வரிசை நிற்கும், கேட்க முடியாது. உன்னிடம் கேட்க முடிகிறது, கேட்கிறேன். உடம்புக்கு முடியாமல் போனாலும், மனசு சரியில்லை என்றாலும், எந்த ஊரிலிருந்தும் அன்றைக்கே டிக்கெட் எடுத்து வீட்டுக்கு வர அந்தப் பணம் போதும். அதைத் தொடாதே.

அடுத்தது தேதி. விலை குறைந்த விமானம் கிடைக்கிறது என்று நவம்பரில் வியட்நாமை முதலில் வைத்திருக்கிறாய். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை கொண்டுவருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கே ஹுவே, ஹோய் ஆன் பக்கமும் கொட்டும். தெற்குத் தாய்லாந்தும் அப்படித்தான். 2025 நவம்பரில் ஹாட் யாய் நகரமே தண்ணீரில் நின்றது. பொங்கல் முடிந்து கிளம்பு. மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் பார்த்துவிட்டு, வியட்நாமில் தெத் புத்தாண்டுக் கூட்டம் கலைந்தபிறகு உள்ளே போ. அந்த நாட்களில் அங்கே ரயிலில் இடம் கிடைக்காது, தீபாவளிக்கு நம் ஊர் இருப்பதைப் போல. மேகாங் ஆற்றில் இரண்டு நாள் படகில் லுவாங் பிரபாங் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் மாற்றவே வேண்டாம்.

உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடம் காலி. நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வியட்நாம் இ-விசா எடுக்கும்போது பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடு. என் பெயரை ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால் என்று மாற்றினால் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள். அரசாங்கத் தளத்தில் கட்டணம் 25 டாலர். அதே மாதிரித் தோற்றத்தில் இருக்கும் ஏஜென்ட் தளங்களில் கூடுதலாகப் பிடுங்குவார்கள். ஏடிஎம் மெஷின் ‘ரூபாயில் கணக்கிடவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்கு. கம்போடியாவில் கிழிந்த டாலரை வாங்க மாட்டார்கள், நோட்டைப் பார்த்து வாங்கிக்கொள்.

ஹா ஜியாங் மலைப்பாதையில் நீயே பைக் ஓட்டுவதாக எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் தரும் இன்டர்நேஷனல் பர்மிட் வியட்நாமில் செல்லாது. லைசென்ஸ் செல்லாமல் விழுந்தால் இன்சூரன்ஸ்காரன் கை விரித்துவிடுவான். அந்த ஊர்க்காரர் ஒருவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போ. இரண்டு நாள் கைக்காசு கூடப் போகும், போகட்டும். குறைந்தால் நான் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. கோலாலம்பூரிலிருந்து பாங்காக்குக்கு விமானம் என்று போட்டிருக்கிறாய். ரயிலில் போ கயல். முதலில் வடக்கே பட்டர்வொர்த் வரை போ. அங்கிருந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை ஒரு வண்டி. இரண்டு நாட்டுக் குடிவரவு அலுவலகமும் அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து மாலையில் தாய்லாந்து ஸ்லீப்பர், மறுநாள் காலை பாங்காக். மேல் படுக்கை கொஞ்சம் மலிவு, ஒரு ராத்திரி அறை வாடகையும் மிச்சம். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி பின்னால், ஞாபகம் வை.

அந்தப் பாதையில்தான் உன் பெரிய தாத்தா போனார். என் அப்பாவின் அண்ணன். 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவில் கெடா பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1943-ல் ஜப்பான்காரர்கள் அவரையும் தோட்டத்து ஆட்களையும் சரக்கு வண்டியில் அடைத்து, சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. 415 கிலோமீட்டர், காட்டுக்குள். காலராவிலும் பட்டினியிலும் ஆயிரம் ஆயிரமாய்ச் செத்தார்கள். கூடப் போன ஊர்க்காரர் ஒருவர் 1946-ல் திரும்பி வந்து சொன்னதைத் தவிர நமக்கு வேறு தகவல் இல்லை. உன் கொள்ளுப்பாட்டி அதை நம்பவில்லை. காசு சேர்ந்தால் வந்துவிடுவான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பாங்காக் வருவதற்கு முன்னால் பான் போங் என்று ஒரு ஸ்டேஷன் வரும். தாய்லாந்துப் பக்கம் அந்தப் பாதையை அதை ஒட்டியுள்ள நோங் பிளாடுக்கிலிருந்துதான் போட ஆரம்பித்தார்கள். அலாரம் வைத்து எழுந்து ஜன்னலில் பார். பிறகு ஒரு நாள் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து காஞ்சனபுரி போ, 100 பாட் டிக்கெட். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசை அங்கே இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 2024-ல்தான் அங்கே ஒரு புத்தர் கோவிலில் அவர்களுக்காக நடுகல் வைத்தார்கள்.

பூ வாங்கிக்கொண்டு போ. அவர் பெயர் மாரிமுத்து. அந்தக் கல் முன்னால் நின்று ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா